சான்றிதழில் இல்லாத பெயர்

கதை எழுதுகிறவனுக்கு ஒரு பெரிய சலுகை உண்டு. பெற்றவர்கள் வைத்த பெயர் பிடிக்கவில்லையென்றால், வெள்ளைத் தாளின் தலையில் வேறொரு பெயரை எழுதித் தபாலில் சேர்த்துவிடலாம். பத்திரிகாசிரியர் கதையைப் பார்ப்பாரே ஒழிய ஜாதகத்தைப் பார்க்கமாட்டார். ரா. கிருஷ்ணமூர்த்தி ‘கல்கி’ ஆனார். சொ. விருத்தாசலம் ‘புதுமைப்பித்தன்’ ஆனார். ரங்கராஜன் என்ற என்ஜினீயர் தம் மனைவியின் பெயரையே எடுத்துக்கொண்டு ‘சுஜாதா’வாக எழுதினார். தொழிற்சாலையில் ரங்கராஜன், வாரப் பத்திரிகையில் சுஜாதா. இதில் யாருக்கும் ஒரு சங்கடமும் வரவில்லை. நானும் இளமையில் மூன்று புனைபெயர்களைச் சோதித்துப் பார்த்தவன்தான். மூன்று பெயர்களிலும் கதைகள் ஒரேமாதிரி திரும்பி வந்ததால் நாலாவதைத் தேடவில்லை.

டாக்டருக்கு இந்தச் சலுகை கிடையாது. அவருடைய பெயர் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. சர்வகலாசாலை கொடுத்த பட்டத்தில் ஒரு பெயர், வைத்தியப் பதிவேட்டில் ஒரு பெயர், பேராசிரியர் கொடுத்த சிபாரிசுக் கடிதத்தில் ஒரு பெயர். இந்த மூன்றும் ஒரே பெயராக இருந்தால்தான் அவர் ஒரு பிணியாளியின் கையைப் பிடித்து நாடி பார்க்க முடியும். ஓர் எழுத்து மாறினாலும் கேள்வி வரும். அப்படியிருக்க, பெயர் முழுவதுமே மாறிவிட்டால்? அதுவும் பெண் பெயர் போய் ஆண் பெயர் வந்துவிட்டால்?

காசநோயை வைத்து ஒரு நாவல் எழுதலாமென்று சில காலத்துக்கு முன் குறிப்புகள் சேர்த்துக்கொண்டிருந்தேன். அந்த நாவல் இன்னும் எழுதப்படவில்லை. ஆனால் குறிப்புகளுக்கிடையில் ஒரு மனிதர் எனக்குக் கிடைத்தார். அமெரிக்க டாக்டர், எக்ஸ்ரே நிபுணர், போதாக்குறைக்கு நாவலாசிரியரும்கூட. ஆலன் ஹார்ட் என்பது அவர் பெயர். முழுப் பெயர் ஆலன் எல். ஹார்ட். அவருக்குப் பிறந்தபோது வைத்த பெயர் வேறு. அது பல புஸ்தகங்களில் அச்சாகியிருக்கிறது, தேடுகிறவர்களுக்குக் கிடைக்கும். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவர் வாழ்நாளெல்லாம் மறைக்கப் பாடுபட்ட ஒன்றை, அவர் போன பிறகு நான் வெளிச்சம் போட்டுக் காட்டுவானேன்?

* * *

ஹார்ட் 1890ஆம் வருஷம் அக்டோபர் மாதம் கான்ஸாஸ் ராஜ்யத்தில் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே தகப்பனார் போய்விட்டார். தாயார் குழந்தையை எடுத்துக்கொண்டு மேற்கே ஆரிகன் ராஜ்யத்தில் உள்ள ஆல்பனி என்ற ஊர்ப்பக்கம் வந்து சேர்ந்தார். பெண் குழந்தை என்றுதான் எல்லோரும் வளர்த்தார்கள். குழந்தை மட்டும் தன்னை ஒரு பையன் என்று எண்ணிக்கொண்டிருந்தது. தாத்தாவின் பண்ணையில் பையன்களைப் போலவே உடுத்திக்கொண்டு, பையன்களின் வேலையைச் செய்துகொண்டு திரிந்த நாட்களே தம் இளமையின் சந்தோஷமான நாட்கள் என்று ஹார்ட் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். தாயாருக்கு இது அசட்டுத்தனமாகப் பட்டது. தாத்தா பாட்டி மறுப்புச் சொல்லவில்லை. 1920களில் அந்த முதியவர்கள் காலமானபோது, பத்திரிகையில் வந்த இரங்கல் குறிப்பில் ஹார்ட்டைப் ‘பேரன்’ என்றே போட்டிருந்தார்கள். படிப்பாளிகளும் நிபுணர்களும் திகைத்து நின்ற ஒரு விஷயத்தைக் கிராமத்துக் கிழவர்கள் இரண்டு பேர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள்.

ஹார்ட் வைத்தியம் படித்தார். 1917இல் போர்ட்லண்டு நகரில், ஆரிகன் சர்வகலாசாலையின் வைத்தியப் பிரிவில் மிக உயர்ந்த தகுதியோடு டாக்டர் பட்டம் வாங்கினார். பட்டம் வாங்கிய நாள் அவருக்குச் சந்தோஷமான நாளாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் காகிதத்தில் இருந்தது ஒரு பெண்ணின் பெயர். அவருடைய சங்கடம் இப்படிச் சுருங்கிவிட்டது: பட்டம் வேண்டுமானால் பழைய பெயரோடு இருக்கவேண்டும், புதுப் பெயர் வேண்டுமானால் பட்டத்தை மறந்துவிடவேண்டும்.

இங்கே ஒரு சின்ன விஷயம். அந்தக் கலாசாலையின் உள்பதிவேட்டில் பழைய பெயருக்குப் பக்கத்தில், ‘ராபர்ட் எல். என்றும் அழைக்கப்படுபவர்’ என்ற பொருளில் ஒரு குறிப்பு இருக்கிறது. ஆலன் என்ற பெயர் நிலைப்பதற்கு முன்னால் ஹார்ட் ராபர்ட் என்ற பெயரையும் கொஞ்ச நாள் வைத்துக்கொண்டிருந்தார். பட்டத்தை மாற்ற அந்தக் கலாசாலையில் யாருக்கும் அதிகாரமோ தைரியமோ இல்லாமல் இருந்திருக்கலாம். ஆனாலும் பேனா பிடித்த ஏதோ ஒரு கை, அதற்குள் அடங்கிய அளவுக்கு ஓர் உதவியைச் செய்துவிட்டுப் போயிருக்கிறது. பதிவேடுகளில் மனிதத்தன்மை புகுவதற்கு அரை வரி இடம் போதும் என்று எனக்குத் தோன்றியது.

அதே வருஷம் ஹார்ட் டாக்டர் ஆலன் கில்பர்ட் என்ற மனநோய் வைத்தியரிடம் போனார். முதலில் கில்பர்ட் மனோவசியம் முதலிய வழிகளால் அவரை ‘மாற்ற’ முயன்றார். அது பலிக்கவில்லை. பிணியாளியும் ஒரு டாக்டர் அல்லவா? தமக்கு வேண்டியது எது என்பதை அவரே தீர்மானித்துக்கொண்டு வந்து சொன்னார். கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும், தலைமயிரை வெட்டிக்கொள்ள வேண்டும், ஆணாக உடுத்தி ஆணாக உத்தியோகம் பார்க்கவேண்டும். கில்பர்ட் நெடுநேரம் தயங்கினார், கடைசியில் சம்மதித்தார். ரண சிகிச்சை நடந்தது. அப்போது ஹார்ட்டுக்கு வயது 27.

கில்பர்ட் 1920இல் இந்தச் சிகிச்சையைப் பற்றி ஒரு வைத்தியப் பத்திரிகையில் விரிவாக எழுதினார். பெயரைச் சொல்லாமல் ‘எச்’ என்ற ஒற்றை எழுத்தால் குறிப்பிட்டார். சமூகம் தொந்தரவு செய்யாமல் விட்டுவிட்டால் இந்த மனிதர் உலகத்தில் தமக்குரிய இடத்தை நிரப்பிவிட்டுப் போவார் என்று பரிவோடு முடித்தார். அவ்வளவு பரிவு இருந்தும் அந்த இடத்தில்கூட ‘அவள்’ என்றே எழுதியிருக்கிறார்! ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு அவன், அவள் என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டியிருக்கிறது. நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ‘அவர்’ என்று ஒரு சொல் இருக்கிறது. ஆணுக்கும் அதுதான், பெண்ணுக்கும் அதுதான். இந்தக் கட்டுரை முழுவதும் நான் அந்தச் சொல்லின் நிழலில்தான் ஒதுங்கி நடக்கிறேன். ஆனால் ஹார்ட் இந்த நிழலை விரும்பியிருக்கமாட்டார். மரியாதைக்காக எல்லோருக்கும் கொடுக்கிற பொதுச் சொல் அவருக்குப் போதாது. ‘இவர் ஆண்’ என்று ஐயமில்லாமல் சொல்லவேண்டும் என்பதே அவருடைய கோரிக்கை. ஆகவே சொல்லிவிடுகிறேன்: ஹார்ட் ஓர் ஆண். இன்று நாம் ‘திருநம்பி’ என்று சொல்கிறோமே, அப்படிப்பட்டவர்.

* * *

இனிமேல்தான் உத்தியோகக் கதை வருகிறது.

1918இன் தொடக்கத்தில் ஹார்ட் ஸான் பிரான்ஸிஸ்கோவில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆண் டாக்டராகப் பயிற்சி வேலையில் சேர்ந்திருந்தார். முன்னால் படித்த காலத்தில் அவரைத் தெரிந்தவர் ஒருவர் கண்டுகொண்டார். விஷயம் பத்திரிகைக்குப் போயிற்று. சொந்த ஊர்ப் பத்திரிகைவரை செய்தி வந்துவிட்டது. சாதாரண மனுஷன் தலைமறைவாகியிருப்பான். ஹார்ட் பத்திரிகைக்காரருக்குப் பேட்டி கொடுத்தார். இந்த மாறுதலுக்குப் பிறகுதான் தாம் சந்தோஷமாக இருப்பதாகவும், உயிருள்ளவரை இப்படியே இருக்கப் போவதாகவும் சொன்னார். அதே சமயத்தில் இனெஸ் ஸ்டார்க் என்ற பெண்ணை மணந்துகொண்டு, ஆரிகன் கடற்கரை அருகே கார்டினர் என்ற சின்ன ஊரில் வைத்தியசாலை வைத்தார்.

அங்கேயும் பழைய அறிமுகம் ஒருவர் வந்து சேர்ந்தார். மறுபடியும் பேச்சு, மறுபடியும் மூட்டை கட்டல். பிறகு மான்டானா ராஜ்யத்தின் கிராமப்புறம், நியூமெக்ஸிகோவில் ஒரு காசநோய் மருத்துவமனை. அதற்குப் பிறகு இல்லினாய். டாக்டர்களின் உலகம் சிறியது. ஒரே கலாசாலை, ஒரே மகாநாடுகள். எங்கே போனாலும் கூடப் படித்தவன் ஒருவன் இருப்பான். ‘உங்களை எங்கேயோ பார்த்திருக்கிறேனே’ என்ற வார்த்தை நமக்கெல்லாம் உபசார வார்த்தை. ஹார்ட்டுக்கு அது அடுத்த ரயிலைப் பிடிக்கச் சொல்லும் மணியாக இருந்தது.

இந்த அலைச்சலில் முதல் விவாகம் நிலைக்கவில்லை. இனெஸ் பிரிந்து போனார். 1925இல் விவாகரத்து. அதே வருஷம் எட்னா ரடிக் என்பவரை ஹார்ட் மணந்துகொண்டார். அந்தத் தாம்பத்தியம் முப்பத்தேழு வருஷம், அவர் இறக்கும்வரை நீடித்தது.

வாசகர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். இன்று இம்மாதிரி மாறுகிறவர்களுக்கு மருந்து இருக்கிறது; குரல் மாறும், மீசை அரும்பும். ஆண்மைச் சுரப்பிச் சாரமான டெஸ்டோஸ்டிரோனைச் செயற்கையாகத் தயாரித்ததே 1935இல்தான். ஹார்ட்டின் கைக்கு அது இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகே வந்தது. ஆக, சுமார் முப்பது வருஷ காலம் அவரிடம் இருந்தவை ஒரு கோட்டு, ஒரு கிராப்பு, ஒரு பெயர். கோட்டை யாரும் போடலாம். கிராப்பும் அப்படித்தான். பெயரை மட்டும் மற்றவர்கள் வாயால் சொல்லவேண்டும். அவர் சொல்லிக்கொண்டால் பிரயோஜனமில்லை. காலையில் ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது வாசலில் நிற்கும் சேவகர் ‘குட்மார்னிங், டாக்டர் ஹார்ட்’ என்று சொன்னால் அன்றைய மருந்து கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

அவர் படித்துக்கொண்டே இருந்தார். 1928இல் பென்ஸில்வேனியா சர்வகலாசாலையில் எக்ஸ்ரே துறையில் மேற்பட்டம். இருபது வருஷம் கழித்து, 1948இல், யேல் சர்வகலாசாலையில் பொதுச் சுகாதாரத்தில் இன்னொரு பட்டம். ஐம்பத்தேழு வயதில் மாணவராக உட்கார்ந்து படிப்பதற்கு அறிவுத் தாகம் ஒன்று காரணம், அதை மறுக்கவில்லை. ஆனால் முதல் பட்டத்தில் தன் பெயர் இல்லாத ஒரு மனிதர், தன் பெயர் உள்ள பட்டங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு போனதில் வேறொரு தாகமும் இருந்திருக்கும் என்பது என் ஊகம். நாவலாசிரியனின் ஊகம்தான். தள்ளுவதானால் தள்ளிவிடுங்கள்.

* * *

எக்ஸ்ரே துறையை அவர் ஏன் பிடித்துக்கொண்டார்? இதற்கு அவருடைய நாவல் ஒன்றிலேயே சூசகம் கிடைக்கிறது. ஹார்ட் நாலு நாவல்கள் எழுதினார். முதல் நாவல் ‘டாக்டர் மாலரி’ 1935இல் வந்தது. கார்டினரில் சிற்றூர் வைத்தியராக இருந்த அனுபவத்திலிருந்து எழுதியது. அடுத்த வருஷம் ‘தி அன்டான்டட்’ வந்தது. தமிழில் ‘கலங்காதவர்கள்’ என்று சொல்லலாம். அதில் ஸாண்டி ஃபார்க்கர் என்ற எக்ஸ்ரே டாக்டர் வருகிறார். ஆணை நேசிக்கும் ஆண் அவர். அந்த ரகசியம் தெரிந்துபோய், ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு, ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்கு அவரைத் துரத்திக்கொண்டே இருக்கிறார்கள். எக்ஸ்ரே அறைக்குள் இருந்துவிட்டால் ஆள் எப்படிப்பட்டவன் என்பதை யாரும் அவ்வளவாகப் பார்க்கமாட்டார்கள் என்று எண்ணித்தான் ஸாண்டி அந்தத் துறைக்கு வருகிறார். ஹார்ட் தம் கதையைத் தம் பெயரில் சொல்ல முடியாது. ஆகவே துரத்தப்படுகிறவனின் மனத்தை மட்டும் எடுத்து வேறொருவனுக்குள் வைத்துவிட்டார். எங்கள் தொழிலில் இது வழக்கம்தான். ஆனால் நாங்கள் செய்வது பெரும்பாலும் சாமர்த்தியத்துக்காக. அவர் செய்தது மூச்சு விடுவதற்காக.

இருட்டறைக்குள் ஒளிய வந்தவர் அங்கே ஒரு பெரிய காரியத்தைச் செய்தார். அந்தக் காலத்தில் காசநோய்க்கு மருந்து இல்லை. கிருமியை 1882இல் காஹ் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அதைக் கொல்லும் முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைஸின் 1943 வரை வரவில்லை. ஓய்வு, நல்ல காற்று, நல்ல ஆகாரம், இவைதான் சிகிச்சை. நோயாளி இருமி, மெலிந்து, ரத்தம் கக்கி வைத்தியரிடம் வரும்போது நுரையீரல் பாதி போயிருக்கும். அதற்குள் வீட்டில் நாலு பேருக்கு ஒட்டியிருக்கும். ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டால் ஆரம்ப நோய் காதில் விழாது. எக்ஸ்ரே படத்தில் மட்டும் அது சின்ன நிழலாகத் தெரியும். இருமல் வருவதற்கு முன்பே தெரியும். ஆகவே நோயாளி வரட்டும் என்று காத்திராமல், ஆரோக்கியமாகத் தோன்றுகிறவர்களையே தேடிப் போய்ப் படம் பிடித்துப் பார்க்கவேண்டும் என்ற கொள்கையை முன்னின்று நடத்தியவர்களில் ஹார்ட் ஒருவர்.

1937இல் அவர் ஐடஹோ ராஜ்யத்தில் காசநோய்த் தடுப்பு வேலைக்குப் போனார். மலையும் காடும் நிறைந்த, ஜனங்கள் சிதறிக் கிடக்கிற ராஜ்யம் அது. ஊர் ஊராகப் போய்ப் படம் பிடித்தார், பிரசங்கம் செய்தார், நிதி திரட்டினார். யுத்த காலத்தில் பட்டாளத்துக்கு ஆள் சேர்க்கும் இடத்தில் வைத்திய ஆலோசகராக இருந்தார். 1943இல் எக்ஸ்ரேயைப் பற்றிப் பொதுஜனங்களுக்குப் புரியும்படி ஒரு புஸ்தகம் எழுதினார். 1948இலிருந்து கனெக்டிகட் ராஜ்யத்தின் காசநோய்க் கமிஷனில் பெரிய பதவி.

இந்த வேலையில் அவர் செய்த ஒரு காரியம் என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. காசநோய் என்று சொன்னாலே ஜனங்கள் வெட்கப்பட்டார்கள். ஒழுக்கக் கேட்டினால் வருகிற வியாதி என்று நினைத்தவர்களும் உண்டு. பரிசோதனைச் சாலை வாசலில் நிற்பதை யாராவது பார்த்துவிட்டால் மானம் போயிற்று. ஆகவே ஹார்ட் தம் சிகிச்சை நிலையங்களைக் ‘காசநோய் நிலையம்’ என்று சொல்லக்கூடாது, ‘நெஞ்சு வைத்திய நிலையம்’ என்றுதான் சொல்லவேண்டும் என்று வற்புறுத்தினார். தாம் ‘நெஞ்சு டாக்டர்’. வருகிறவர்கள் ‘நெஞ்சு நோயாளிகள்’. அவ்வளவுதான். பெயரை மாற்றினால் நோய் மாறிவிடுமா என்று கேட்கலாம். நோய் மாறாது, ஆனால் நோயாளி படியேறி உள்ளே வருவான். உள்ளே வந்தால் பிழைப்பான். ஒரு பெயர் ஒரு மனிதனை வாசலுக்கு வெளியே நிறுத்தவும் செய்யும், உள்ளே அழைக்கவும் செய்யும் என்பதை அந்த டாக்டருக்கு யாரும் பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

நமக்கும் இது புரியாத விஷயமல்ல. புதுமைப்பித்தன் 1948இல் இந்த நோய்க்குத்தான் இரையானார். பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீட்டில் ‘க்ஷயம்’ என்ற வார்த்தையை எப்படி மென்று விழுங்கினார்கள் என்பதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். தாம்பரத்தில் 1928இல் டாக்டர் சௌரி முத்து ஆரம்பித்த சானடோரியம் பிற்காலத்தில் ‘நெஞ்சக நோய் மருத்துவமனை’ என்று பெயர் பெற்றது. ரயில்வே ஸ்டேஷனுக்கு மட்டும் பழைய பெயரே நின்றுவிட்டது.

* * *

ஹார்ட் 1962ஆம் வருஷம் ஜூலை முதல் தேதி இருதய நோயால் காலமானார். தம் உடலை எரித்துச் சாம்பலை பசிபிக் கரையிலுள்ள பியூஜெட் ஸவுண்டு நீரில் தூவிவிட வேண்டும், ஞாபகச் சின்னம் எதுவும் வைக்கக் கூடாது, பூட்டிய பெட்டியில் இருக்கும் கடிதங்களையும் படங்களையும் அழித்துவிட வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார். அப்படியே செய்தார்கள்.

அதே 1962ஆம் வருஷம், ஒன்றரை மாதம் முன்னால், மே 15ந் தேதி, நம் தேசத்தில் இமயமலைச் சாரலில் டல்ஹௌஸி என்ற ஊரில் இன்னொரு டாக்டர் இறந்துபோனார். மைக்கேல் டில்லன் என்ற ஆங்கிலேயர். அவரும் பெண்ணாகப் பிறந்து ஆணானவர். யுத்த காலத்தில் பிரிஸ்டல் நகரில் ஒரு மோட்டார் பட்டறையில் வேலை பார்த்தபோது, புதிதாக வருகிறவர்களிடமெல்லாம் ‘அந்த ஆள் பெண் தெரியுமா?’ என்று கூட இருந்தவர்கள் சொல்லிச் சிரிப்பார்களாம். டில்லன் ஹார்ட்டைவிட அதிர்ஷ்டசாலி. 1944இல் பிறப்புச் சான்றிதழையே திருத்திக்கொண்டார். ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு நல்ல ஆசிரியரின் முயற்சியால், பெண்கள் கல்லூரியில் வாங்கிய பட்டம் ஆண்கள் கல்லூரியில் வாங்கியதாகப் பதிவாயிற்று. பிறகு டப்ளினில் வைத்தியம் படித்துக் கப்பல் டாக்டரானார். காகிதமெல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் அவர் நினைத்தார்.

ஆனால் அவர் பிரபு வம்சத்தில் வந்தவர். இங்கிலாந்தில் பிரபு வம்சங்களின் வழிமுறையைச் சொல்லும் இரண்டு பெரிய புஸ்தகங்கள் இருக்கின்றன. டெப்ரெட் என்ற புஸ்தகத்தில் அவர் தமையனாருக்கு அடுத்த வாரிசான தம்பி. பர்க் என்ற புஸ்தகத்தில் தங்கை. 1958இல் யாரோ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டார்கள். பத்திரிகைக்காரர்கள் கப்பலுக்கே வந்துவிட்டார்கள். டில்லன் உத்தியோகத்தைவிட்டு இந்தியாவுக்கு ஓடிவந்தார். ஸாரநாத், லடாக் என்று அலைந்து, புத்த பிக்ஷுவாகி, மறுபடியும் ஒரு புதுப் பெயரை ஏற்றுக்கொண்டு, நாற்பத்தேழாவது வயதில் இறந்தார். ஒரே ஒரு புஸ்தகம் திருந்தாமல் இருந்தது. அது போதுமானதாக இருந்தது.

ஹார்ட்டின் பெட்டியை எரித்தும் ரகசியம் தங்கவில்லை. 1976இல் ஒரு சரித்திர ஆராய்ச்சியாளர், கில்பர்ட்டின் ‘எச்’ யார் என்பதைக் கண்டு எழுதிவிட்டார். ஆனால் அவரை ஆண் வேஷம் போட்டுக்கொண்ட பெண்ணாகவே வெகுகாலம் பேசினார்கள். ஆரிகனில் அவரைப் போற்றுவதற்கென்றே வருஷந்தோறும் ஒரு விருந்து நடந்தது. எந்தப் பெயரில் என்று நினைக்கிறீர்கள்? அவருடைய பழைய பெண் பெயரில்! திருநம்பிகளும் திருநங்கைகளும் ஆட்சேபித்த பிறகு, 1990களின் நடுவில்தான் அந்தப் பெயரை எடுத்தார்கள். நாற்பது வருஷத்துக்குமேல் அவர் தப்பி ஓடிய பெயரைப் பாராட்டு மாலையில் கோத்து அவர் கழுத்திலேயே போட்டார்கள். துரத்தியவர்கள் செய்ததும் அன்பு வைத்தவர்கள் செய்ததும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றாகிவிட்டன.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. எட்னா 1982இல் காலமானார். அவர்களுடைய சொத்து வைத்திய ஆராய்ச்சிக்குப் போயிற்று. ஆலன், எட்னா ஹார்ட் இருவர் பெயராலும் ஒரு நிதி ஏற்பட்டது. ஹார்ட்டின் தாயார் ரத்தப் புற்றுநோயால் இறந்தவர். அந்த நோயின் ஆராய்ச்சிக்கென்று அது ஏற்பட்டது. மகனின் ஆசையை அசட்டுத்தனம் என்று சொன்ன தாயார்தான். அவருக்காக மகன் தம் சொந்தப் பெயரில் செய்த தர்மம் அது.

* * *

நம் நாட்டில் காலம் எவ்வளவோ மாறியிருக்கிறது. 2008இல் தமிழ்நாட்டில் திருநங்கைகளுக்கு நல வாரியம் ஏற்பட்டது. 2014இல் சுப்ரீம் கோர்ட்டு, ஒருவர் ஆணா பெண்ணா மூன்றாம் பாலா என்பதை அவரே சொல்லிக்கொள்ளும் உரிமையை ஒப்புக்கொண்டு தீர்ப்பளித்தது. பிரித்திகா யாஷினி என்ற திருநங்கை போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் வேலைக்கு மனுப் போட்டபோது, விண்ணப்பப் படிவத்தில் ஆண், பெண் என்ற இரண்டு கட்டங்களே இருந்தன, மனு தள்ளப்பட்டது. அவர் சென்னை ஹைகோர்ட்டுக்குப் போய் 2015இல் வழக்கை ஜயித்து, 2017இல் உத்தியோகத்தில் சேர்ந்தார். தாம் தேர்ந்துகொண்ட பெயரைச் சட்டையில் குத்திக்கொண்டு நிற்கும் அவருடைய படத்தைப் பத்திரிகையில் பார்த்தபோது நானும் சந்தோஷப்பட்டேன். சந்தோஷத்தோடு கொஞ்சம் வெட்கமும் சேர்ந்திருந்தது. அந்தக் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

எழுத்தை நம்பிப் பிழைக்கத் துணிவதற்கு முன்பு நான் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். என் மேஜைக்கு எதிரில் இளம் உதவியாளர் ஒருவர் இருந்தார். பையன் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டு வேளையில், கைகள் நடுங்க, ஒரு பெண் பெயரைச் சொன்னார். “ரிஜிஸ்டர்ல எப்படி வேணும்னாலும் இருக்கட்டும் சார். கூப்பிடறப்போ மட்டும் இப்படிக் கூப்பிடுங்க” என்றார். கேட்டது அவ்வளவுதான்.

தலைமைக் குமாஸ்தா மறுநாளிலிருந்து சான்றிதழில் உள்ள பெயரை வழக்கத்தைவிட உரக்கக் கூப்பிட ஆரம்பித்தார். இரண்டு பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்தப் பழைய பெயரைச் சொல்லவும் இல்லை. புதுப் பெயரையும் சொல்லவில்லை. ‘இங்கே பாருங்க’, ‘ஏங்க, அந்த ஃபைலை எடுங்க’ என்றே எட்டு மாதம் ஓட்டினேன். நம் தமிழ்தான் எவ்வளவு வசதியான பாஷை! பெயரே சொல்லாமல் ஒரு ஜன்மம் முழுவதும் குடித்தனம் செய்த தம்பதிகள் இருந்த ஊரல்லவா இது? நான் நாகரிகமாக நடந்துகொள்கிறேன் என்று எனக்குள் பெருமைகூட இருந்தது.

பிறகு ஒரு திங்கட்கிழமை அந்த நாற்காலி காலியாக இருந்தது. நாலைந்து நாளில் தபாலில் ராஜிநாமாக் கடிதம் வந்தது. கீழே தம் சொந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டிருந்தார். இந்தப் பெயரில் இந்த அலுவலகத்தில் யாரும் வேலை பார்க்கவில்லை, ஆகவே கடிதத்தை ஏற்பதற்கில்லை என்று தலைமைக் குமாஸ்தா குறிப்பெழுதித் திருப்பி அனுப்பினார். அந்தக் குறிப்பை உறையில் போட்டு ஒட்டினவன் நான். விலாசத்தில் எந்தப் பெயரை எழுதினேன் என்று கேட்காதீர்கள்.

ஹார்ட்டின் கலாசாலையில் அரை வரி எழுதிவைத்த அந்தக் கையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அந்த உறையின்மேல் எனக்கும் அரை வரி இடம் இருந்தது. அந்த உதவியாளர் சொன்ன பெயர் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. மூன்று எழுத்து. சொல்ல வேண்டிய காலத்தில் ஒரு தரமும் சொல்லாதவன், இப்போது இங்கே அதை அச்சில் போட்டுப் பெயர் வாங்குவது முறையல்ல.